நூறாம் நம்பர் துணியும் டிராம்பேக் கடலும்

வெள்ளிக்கிழமை, காலை 6.40. தாராவியின் தொண்ணூறு அடி சாலை எனக்குப் பின்னால் போய்விட்டது. லேபர் கேம்ப் பக்கம் நடந்துகொண்டிருக்கிறேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, சோப்பு டப்பா, சுருட்டி வைத்த இரண்டரை மீட்டர் வெள்ளைத் துணி. எட்டு மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தது எனக்கு அதிகம். ஜனவரி மாதத்து மும்பையில் காலை நேரம் நடப்பதற்கென்றே செய்ததுபோல் இருக்கும், அதனால் கிளம்பிவிட்டேன்.

வேலை பார்த்தது பனியனில் படம் அச்சிடும் ஒரு கூடத்தில். மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டுவார்கள். படம் விழ வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்ற கண்களை ஒரு பசையால் அடைப்பார்கள். மேலே சாயத்தை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்தால் படம் கீழே இறங்கும். துணியை இழுத்துக் கட்டுவது என் வேலை. முதலாளி தங்கபாண்டி அண்ணாச்சி, நாங்குநேரிப் பக்கத்துக்காரர். நான் கிளம்பும்போது பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

“எங்கல போற?”

“தெரியல அண்ணாச்சி.”

“தெரியாமலா போற?”

“தெரிஞ்சா பஸ்ல போவேன்லா.”

வாயில் நுரையோடு சிரித்தார். மிச்சமாகிக் கிடந்த வலைத்துணியில் இரண்டரை மீட்டரை அவர்தான் கொடுத்தார், கொசுவலையாக வைத்துக்கொள்ளச் சொல்லி. நல்ல கொசுவலைதான். கொசு வராது, காற்றும் வராது. வாசலில் நின்று, “இனிமே இந்தப் பக்கம் தலைவச்சிப் படுக்க மாட்டேன் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

காலை 7.20. இரண்டு ரயில் பாதைகளையும் தாண்டும் இசட் வடிவ நடைபாலத்தில் ஏறி இறங்கினால் மாட்டுங்கா. தாராவியிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் தமிழ் வேறு, காப்பி வேறு. சந்தைப் பக்கம் மல்லிகையும் வாழை இலையும் விற்கிறார்கள். நின்றபடி குடிக்கும் கடையில் காப்பி முப்பத்தைந்து ரூபாய்.

என் பக்கத்து மேசையில் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஊசியும் நூலுமாகப் போராடிக்கொண்டிருந்தாள். கையில் புனல் வடிவத்தில் ஒரு வெள்ளை வலை. வாயில் இரும்பு வளையம், அடியில் ஒரு குப்பி, நடுவில் முழ நீளக் கிழிசல். துணியைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது.

“இது எங்க துணியாச்சே” என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். “எக்ஸ்க்யூஸ் மீ?”

“பிரிண்டிங் துணி. சட்டத்துல கட்டுவோம்லா.”

“இது பிளாங்க்டன் நெட். கடல்ல இழுக்கறது. நேத்திக்கு ஒரு மீன்வலைக் கழியில மாட்டிக் கிழிஞ்சுடுத்து. புதுசு வர மூணு வாரம் ஆகும். எனக்கு இன்னிக்கு மத்தியானம் வேணும்.”

நான் பையைத் திறந்து என் கொசுவலையை மேசையில் விரித்தேன். அவள் தடவிப் பார்த்தாள், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

“இது எத்தனை?”

“அறுபது.”

“சிக்ஸ்டியா! பக்கா?”

“பக்கா.” துணியின் ஓரத்தில் மையால் அச்சிட்டிருந்த 60 என்ற எண்ணைக் காட்டினேன்.

அவள் போட்ட சத்தத்தில் காப்பி ஆற்றுகிறவர் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு வேண்டியதும் அறுபதுதான். ரேவதி என்று பெயர் சொன்னாள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். தமிழ் பேசுவாள், படிக்க வராது. நான் எட்டாம் வகுப்பு, தமிழைத் தவிர வேறு எழுத்து எனக்கு ஓடாது. இரண்டு பேருக்கும் பொதுவாகப் படிக்கத் தெரிந்தது எண் மட்டும். அது எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்கிறேன்.

காலை 8.15. ரேவதியின் வீடு பூக்கடைகளுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தில், மூன்றாவது மாடியில். நான் முன்பு தாராவியில் பைகள் தைக்கும் பட்டறையில் ஒரு வருடம் இருந்தவன், அதனால் மிஷின் ஓட்டத் தெரியும். அவள் அம்மா கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“யாருடி இது?”

“நெட் தைக்கறவர் அம்மா.”

“எங்கேர்ந்து பிடிச்சே?”

“காப்பிக் கடைலேர்ந்து.”

“இவளுக்கு எல்லாமே தண்ணியிலதான் கிடைக்கும்” என்று என்னிடம் சொல்லிவிட்டு மாமி மிஷின் மேல் இருந்த துணிக்குவியலை அள்ளி எடுத்தார். பழைய வலையைப் பிரித்து அதன் அளவுக்கே வெட்டித் தைத்தேன். வாய் ஒரு சாண் சொச்சம் அகலம், நீளம் ஒரு மீட்டர். வளையமும் குப்பியும் பழையவை. ஒன்பதரைக்கு முடிந்தது. கூலி பேசுவதற்கு முன், “நீங்களும் வரேளா அண்ணா? போட்டுல ஒரு கை குறையறது” என்றாள். எனக்கு வேறு எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை. சரி என்றேன்.

காலை 9.50. கிங்ஸ் சர்க்கிளில் டிராம்பே போகும் பேருந்து. ஆளுக்கு இருபது ரூபாய், ஏறக்குறைய பதின்மூன்று கிலோமீட்டர். சயான், செம்பூர், தேவ்நார். அணுசக்தி நகர் வாசலில் அலுவலகப் பேருந்துகள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. மடியில் கண்ணாடிப் புட்டிகளை அணைத்தபடி ரேவதி விஷயத்தைச் சொன்னாள்.

கடலின் மேல்தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன, அவற்றுக்குத்தான் பிளாங்க்டன் என்று பெயர். செடியாகச் சில, பிராணியாகச் சில, இரண்டிலும் சேராத சில. அவற்றால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாது. எங்கே எது இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் நீரோட்டம்தான் தீர்மானிக்கிறது. ஆனால் கொண்டுபோய் விடுகிற இடத்தில் உப்பும் சூடும் வெளிச்சமும் ஒத்துக்கொண்டால்தான் அவை பெருகும், இல்லாவிட்டால் அங்கேயே செத்துவிடும்.

“மும்பைக்கு வாற எங்க ஆளுகள மாதிரி” என்றேன்.

“அதே! வந்து சேர்றது ஒரு கதை, நிலைக்கறது இன்னொரு கதை.”

தூத்துக்குடியில் இரண்டு வருடம் படகில் கயிறு இழுத்திருக்கிறேன். அங்கே நீரோட்டத்தை நீவாடு என்போம். நீவாடு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் யாரும் வலை போட மாட்டார்கள். அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை. கைபேசியில் ஆங்கில எழுத்தில் குறித்துக்கொண்டாள். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள்.

“மழைக்காலத்துல இந்தக் கரையோரத் தண்ணி தெற்கே போறது. குளிர் வந்தா அப்படியே திரும்பி வடக்கே வரும். வங்காள விரிகுடாத் தண்ணி, உப்புக் கொறைச்சல், இலங்கையைச் சுத்திண்டு கேரளா வழியா மேலே ஏறும். உங்க ஊர்ப் பக்கத்துத் தண்ணியும் அதுல இருக்கும்.”

“எத்தன நாளு ஆகும்?”

“மாசக்கணக்கு.”

“நான் ரயில்ல ஒன்றரை நாள்ல வந்தேன். தண்ணிக்கு டிக்கெட்டும் கெடையாது.”

“உங்களுக்கு இருந்துதா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் சிரித்த சிரிப்பில் புட்டிகள் கிலுகிலுத்தன.

அவளுடைய கேள்வி சின்னது. குளிரில் வடக்கே ஏறிவரும் அந்தக் கடல்தண்ணீர், கொண்டுவரும் உயிர்களோடு, தாணே கழிமுகத்துக்குள் நுழைகிறதா? அல்லது கழிமுகத்துச் சேற்றுத்தண்ணீர் அதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறதா? போன பிப்ரவரியில் ஆரம்பித்து மாதம் ஒருமுறை, பௌர்ணமியை ஒட்டி, ஒரே வலையளவில், கழிமுகமும் கடலும் சேரும் இடத்திலும் அதன் இரண்டு பக்கங்களிலும் தண்ணீரை வடிகட்டி வந்திருக்கிறாள். பதினொரு மாதம் முடிந்தது. இந்த ஜனவரி பன்னிரண்டாவது. படகுக்கான அனுமதிச் சீட்டு சனிக்கிழமையோடு முடிகிறது. அவளுடைய உதவித்தொகையும் இந்த மாதத்தோடு சரி. ஜனவரி விட்டுப்போனால், கேள்வியின் பதில் இருக்க வேண்டிய கட்டமே காலி.

“பதினோரு மாசம் கதவைத் தட்டிட்டு, தெறக்கற நேரத்துல ஊருக்குப் போற மாதிரி அண்ணா.”

காலை 11.10. டிராம்பே துறை. படகுக்காரர் பாண்டு, கோலி இனத்து மீனவர், ஐம்பதைத் தாண்டியவர். அவரோடு கயிறு இழுக்க அவர் மச்சான். பாண்டு பேசுவது மராத்தி கலந்த பம்பாய் இந்தி. என் காதில் விழுந்ததைத் தமிழில் எழுதுகிறேன். என்னைப் பார்த்து, “இந்த மத்ராசி எதுக்கு? வாந்தி எடுப்பானா?” என்று கேட்டார். “எடுத்தா அதையும் புட்டியில பிடிச்சு வெச்சுப்பேன் தாதா” என்றாள் ரேவதி. அதோடு எனக்கு இடம் கிடைத்தது.

நீர் ஏறிக்கொண்டிருந்தது. படகு ஒரு மணி நேரம் தெற்கே போயிற்று. இடது பக்கச் சேற்றுத்திட்டில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் தலைகீழாக அலகை வைத்துத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தன. “அதுங்களும் நம்ம தொழில்தான்” என்றாள் ரேவதி. பாசி எங்கே திரளுகிறதோ அங்கே அவை இறங்கும். வலை இல்லாமலே ஆய்வு செய்கிறவை, அனுமதிச் சீட்டும் வேண்டாம்.

எலிபெண்டா மலை எதிரே பெரிதாக வந்தபோது பாண்டு இயந்திரத்தைத் தணித்தார். தண்ணீரின் மேல் ஒரு கோடு தெரிந்தது. இந்தப் பக்கம் கழிமுகத்தின் காப்பிநிறத் தண்ணீர், அந்தப் பக்கம் கடலின் பச்சை. நடுவே வளைந்து வளைந்து நுரை, சருகு, தெர்மாகோல் துண்டு, ஒற்றைச் செருப்பு. இரண்டு ஓட்டங்கள் முட்டும் இடம். மேலே மிதப்பவை எல்லாம் அங்கே ஒதுங்கி நிற்கின்றன, கண்ணுக்குத் தெரியாதவையும்தான்.

“செருப்பு எங்க நிக்கறதோ அங்கதான் என் ஆளுங்களும்” என்றாள் ரேவதி.

பகல் 12.20. நீர் ஏறி முடிந்து அசையாமல் நிற்கும் நேரம். வலையை விட்டோம், ஐந்து நிமிடம் மெதுவாக இழுத்தோம். நான்தான் கயிற்றைத் தூக்கினேன். வலையிலிருந்து தண்ணீர் கலகலவென்று வடிந்தது. எனக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது. ரேவதியின் முகம் மாறியது.

“இவ்ளோ வேகமா வடியாதே.”

குப்பியைப் புட்டியில் கவிழ்த்தாள். எம்பிக் குதிக்கும் புள்ளிகள் நிறைய, பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஆனால் தண்ணீர் தெளிவாக இருந்தது. வழக்கமாகப் பருப்புத்தண்ணீர்போல் கலங்கி இருக்குமாம். கைபேசியில் மாட்டும் சின்ன நுண்ணோக்கியால் ஒரு சொட்டைப் பார்த்தாள். பிறகு என் துணியின் ஓரத்தைக் கோடு போட்ட கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“அண்ணா. இது எத்தனைன்னு சொன்னேள்?”

“அறுபது.”

“அறுபது… என்ன?”

“அறுபது நூலு. ஒரு சென்டிமீட்டருக்கு.”

அவள் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இன்னும் விளங்கவில்லை. பாண்டுதான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “என்ன ஆச்சு, யார் செத்தது?” என்றார்.

விஷயம் இதுதான். அவர்கள் கணக்கில் எண் என்பது ஓட்டையின் அகலம். ஒரு சென்டிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் அறுபது பங்கு. எங்கள் கணக்கில் எண் என்பது ஒரு சென்டிமீட்டரில் ஓடும் நூல்கள். அவர்களுக்கு எண் ஏற ஏற ஓட்டை பெரிதாகும், எங்களுக்கு எண் ஏற ஏற ஓட்டை சின்னதாகும். காப்பிக் கடையில் இரண்டு பேரும் சந்தோஷமாக அறுபது, அறுபது என்று வேறு வேறு அறுபதைச் சொல்லியிருக்கிறோம். என் கொசுவலையின் ஓட்டை அவள் கணக்கில் நூறு. அவள் தேடும் உயிர்களில் பாதி அதற்குள் புகுந்து கடலுக்கே திரும்பிப் போயின.

ரேவதி அழவில்லை. பெட்டியைத் திறந்தாள், மூடினாள். “இன்னிக்கு ஹைடைட் போச்சு. நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி” என்றாள்.

“நாளைக்கு நான் வர முடியாது” என்றார் பாண்டு. “மச்சான் கல்யாண வீட்டுக்குப் போகிறான். கயிறு இழுக்க ஆள் இல்லை.”

இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள். நான் என் துணியைப் பார்த்தேன். அறுபது நூல் போட்டால் ஓட்டை நூறு என்றால், நூறு நூல் போட்டால்? ரேவதியிடம் கேட்டேன். அவள் விரலால் பலகையில் எழுதினாள். பத்தாயிரத்தை நூறால் வகுத்தால் நூறு, அதில் நூலின் தடிமன் நாற்பது போனால் மீதி…

“அறுபது” என்றாள். எழுந்து நின்றாள். “அறுபது அண்ணா!”

“நூறாம் நம்பர் துணி ஸ்டிக்கர் அடிக்கிறவங்கிட்ட இருக்கும். பொடி எழுத்துக்கு அதான். எங்க அண்ணாச்சியே ஸ்டிக்கரும் அடிப்பாரு.” சொல்லும்போதே காலையில் வாசலில் நின்று நான் விட்ட சபதம் நினைவுக்கு வந்தது. “கயிறுக்கும் ஆளு இருக்கு. நான் வாறேன்.”

பாண்டு ஒரு கயிற்றுத் துண்டை என்மேல் எறிந்தார். முடிச்சுப் போட்டுக் காட்டினேன். இழுத்துப் பார்த்தார். “மோசமில்லை. ஏழரைக்கு இங்கே இருக்கணும். படகில் ஊறின தண்ணீரை இறைப்பதும் உன் வேலை.”

மாலை 4.15. தாராவி. அண்ணாச்சி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ரேவதியை முன்னால் விட்டுப் பின்னால் மறைந்து வந்தேன், பலிக்கவில்லை.

“ஏல சுடல! தலவச்சிப் படுக்க மாட்டேன்னு போனவன், பொழுது சாயல, வந்து நிக்கியே! தலைய எங்கயும் வைக்க எடம் கெடைக்கலயோ?”

உள்ளே மிஷின் நின்றது. எட்டு மாதம் என்னோடு சாப்பிட்டவர்கள் எல்லாம் கதவுக்கு வந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வழி இல்லை.

“வேல கேட்டு வரல அண்ணாச்சி. நூறாம் நம்பர் துணி வேணும். இவுக கடல் தண்ணியில என்னென்ன கெடக்குன்னு புடிச்சிப் பாக்காவ.”

அண்ணாச்சியின் சிரிப்பு நின்றது. ரேவதியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். கூடத்தில் கழுவிவிடும் சாயத்தண்ணீர் சாக்கடை வழியாக எங்கே போகிறது என்று அவருக்கும் தெரியும்.

“எந்த ஆபீசும்மா? பொல்யூஷனா? துணி கெடையாது. ரோலு தீந்துபோச்சு.”

“அய்யோ இல்ல அங்கிள், நான் ஸ்டூடண்ட்” என்றாள் ரேவதி. “நான் பிடிக்கறது இதுங்களைத்தான்.” கைபேசியைத் திறந்து நீட்டினாள்.

தன்னைச் சுற்றிக் கண்ணாடிபோல் ஓடு கட்டிக்கொண்டு வாழும் ஒருவகைப் பாசியின் படம். நல்ல வட்டம். நடுவில் பூ, பூவிலிருந்து ஓரம்வரை ஓடும் புள்ளி வரிசைகள், ஒரு புள்ளி தப்பவில்லை. அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார். அடுத்த படம் முக்கோணம். அதற்கடுத்தது சங்கிலி.

“எந்த ஆர்ட்டிஸ்ட் போட்டது?”

“யாரும் போடலை. அதுங்க ஓடே அப்படித்தான்.”

“ஓடா? உசுரு உள்ளதா இது?” இன்னொரு முறை பார்த்தார். “பனியன் முதுகுல போட்டா நிக்கும். ஒத்தக் கலரு போதும். ஏம்மா, இத அடிச்சா யாரும் கேஸு போடுவாகளா?”

“நான் எடுத்த போட்டோ அங்கிள். அடிச்சுக்கோங்கோ. எனக்கு ஒரு டீ ஷர்ட் குடுத்தாப் போறும்.”

அண்ணாச்சி எழுந்தார். ரோல் தீர்ந்தது உண்மைதான். ஆனால் பரண்மேல் நூறாம் நம்பர் துணி கட்டிய இரண்டு சட்டங்கள் இருந்தன. வீட்டு வாசல் கேட்டுகளில் ஒட்டும் ‘வண்டி நிறுத்தாதே’ ஸ்டிக்கர். சிவப்பு வட்டத்துக்கு ஒரு சட்டம், கறுப்பு மராத்தி எழுத்துக்கு ஒரு சட்டம். “திரும்ப ஆர்டர் வந்தா நீதாம்ல வந்து கட்டிக் குடுக்கணும்” என்றார் என்னிடம். சட்டத்திலிருந்து துணியை அறுக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பசை அடைத்த கண்களைப் பொடி போட்டுக் கரைத்து, தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத் திறந்தேன். ஒரு மணி நேர வேலை. கண் எல்லாம் திறந்துவிட்டது, சாயக்கறை மட்டும் போகவில்லை. எங்கள் தொழிலில் இது வழக்கம். அடித்த படத்தின் நிழல் துணியில் நின்றுவிடும். ஒன்றில் மங்கலான சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும், மற்றதில் புகைபோல மராத்தி எழுத்துகள்.

மாலை 6.50. மறுபடி மாட்டுங்கா, மூன்றாவது மாடி. “காலையில தைச்சது என்னாச்சு?” என்றார் மாமி. “கொசுவுக்குத் தைச்சுட்டார் அம்மா” என்றாள் ரேவதி. இந்த முறை ஊசி போடுவதற்கு முன் அவள் துணியைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, இருபது இடங்களில் கண்களை அளந்தாள்.

“அறுபதுக்கு ஒண்ணு ரெண்டு கூடக் கொறைச்சல். பழைய நெட்டும் இப்படித்தான் இருந்துது.”

மாமி எனக்குத் தட்டில் அரிசி உப்புமா வைத்தார். கொத்துமல்லிச் சட்னி, இரண்டாம் முறை கேட்காமலே. எட்டரைக்குத் தையல் முடிந்தது. கட்டிடத்துக் காவலாளி மாடிப்படிக்கு அடியில் இடம் கொடுத்தார். வேலைக்காகாமல் போன காலை வலை என்னிடமே இருந்தது. புனலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படுத்தேன். கால் பக்கத்தைக் கொசு எடுத்துக்கொண்டது. மற்றபடி நல்ல தூக்கம்.

சனிக்கிழமை, காலை 7.30. டிராம்பே துறை. நீர் வற்றி, படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. முழங்கால் அளவு சேற்றில் இறங்கி ஏறினேன். முதல் வேலை தண்ணீர் இறைப்பது, அடுத்தது டீசல் தூக்குவது, அதற்கடுத்தது பாண்டு மராத்தியில் திட்டினால் பதில் பேசாமல் இருப்பது. கடைசி வேலை எளிது, மொழி தெரியாது.

பதினொன்றரைக்கு நீர் ஏறி, படகு கிளம்பியது. ரேவதி பேருந்திலிருந்து நேராக வந்து ஏறியிருந்தாள். முதல் நாளைவிட முக்கால் மணி நேரம் தள்ளி நிறைநீர். நுரைக்கோடு நேற்றிருந்த இடத்தில் இல்லை. அரை கிலோமீட்டர் உள்ளே, கழிமுகத்தின் பக்கம் வந்திருந்தது. செருப்பு வேறு செருப்பு. ரேவதி அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, “உள்ள வந்திருக்கு” என்று யாருக்கும் சொல்லாததுபோல் சொன்னாள்.

பகல் 1.05. நீர் நின்றது. வலையை விடத் தூக்கியபோது பாண்டு கிட்ட வந்து துணியை விரித்துப் பார்த்தார். எங்கள் மூன்று பேரில் மராத்தி தாய்மொழி அவருக்குத்தான்.

“வண்டி நிறுத்தாதே?” என்றார். “யாருக்கு எழுதியிருக்கிறீர்கள், மீனுக்கா?” ஒரு கையால் சுக்கானையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஐந்து நிமிடம் இழுத்தோம். கயிறு கையில் கனத்தது. நேற்று இப்படி இல்லை. தூக்கியபோது தண்ணீர் கலகலவென்று ஓடவில்லை. சொட்டுச் சொட்டாக, யோசித்து யோசித்து வடிந்தது. ரேவதி குப்பியைப் புட்டியில் கவிழ்த்தாள். பருப்புத்தண்ணீர். ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்துக் கைபேசியைக் குனிந்து பார்த்தாள். படகு ஆடியது, அவள் ஆடவில்லை. பாண்டு சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

“இருக்கு” என்றாள். “கழிமுகத்து ஆளுங்க இருக்கா. கடல்காராளும் இருக்கா, தெற்கேர்ந்து வர்றவா. ரெண்டும் ஒரே சொட்டுல இருக்கு அண்ணா.”

என்னிடம் நீட்டினாள். தெளிவாகத் தெரிந்தது, அண்ணாச்சியின் பனியனுக்குப் போகும் அந்த வட்டம். பக்கத்தில் கொம்பு வைத்த இன்னொன்று. “இது வெளிக்கடல்ல இருக்கறது. மழைக்காலம் முழுக்க இங்க ஒண்ணுகூடக் கிடைக்கலை” என்றாள். எங்கே பிறந்தது, யாரோடு வந்தது என்று அதனிடம் கேட்க முடியாது. நன்றாகத்தான் இருந்தது பார்க்க.

எனக்கு நாள் கூலி எழுநூறு என்றும், மச்சான் கல்யாண வீட்டிலிருந்து அடுத்த வாரம்தான் வருவான் என்றும் பாண்டு அப்போதுதான் சொன்னார். இருக்கிறாயா என்று கேட்கவில்லை. வலையை அலசி மறுபடி விடச் சொன்னார். நீர் இறங்கத் தொடங்கியிருந்தது. கழிமுகத்துப் பக்கத்தில் ஒன்று, கடல் பக்கத்தில் ஒன்று, இன்னும் இரண்டு புட்டிகள் பாக்கி. வளையத்தைத் தண்ணீரில் இறக்கினேன். துணி உப்பி விரிந்தது. சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் ஒருமுறை மேலே திரும்பித் தெரிந்து, பழுப்புத் தண்ணீருக்குள் இறங்கின. நான் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தேன்.